கரையேறிய குதிரைகள்

பதினைந்து குதிரைவலு எஞ்சின் ஒன்று கடலில் வலுவிழந்தால் அந்த வலு எங்கே போகிறது என்று கேட்டால், வேறு கரைகளில் மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கும் என்பார்கள், பிளக்கில் கரி பிடித்திருக்கும் என்பார்கள். தாழைமுனையில் மட்டும், அந்த வருடம் புரட்டாதி தொடங்கிக் கார்த்திகை வரைக்கும், இன்றைக்கு அது ஆருடைய வீட்டுக்குப் போனது என்று திருப்பிக் கேட்டார்கள்.

எஞ்சின் சூசைதாசனுடையது. அதைப் பழுதுபார்க்கிறவர் அவனுடைய மனைவி மெற்றில்டாவின் தமையன் கிரகோரி. அந்தக் கரையோரத்துப் பதினொரு குடியிருப்புக்கும் எஞ்சின் வைத்தியர் அவர் ஒருவர்தான். படகு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னமே சத்தத்தைக் கேட்டு, உவனுக்கு ஒரு சிலிண்டர்தான் வேலை செய்யுது, கரைக்கு வந்தவுடன இஞ்ச அனுப்புங்கோ என்று சொல்லக்கூடிய மனுசர். ஆனி மாதம் சூசையின் எஞ்சினுக்குக் கீழே குந்தியிருந்து கடைசி ஆணியை இறுக்கிக்கொண்டிருந்தபோது அவருக்குப் பாரிசவாதம் அடித்தது. ஸ்பானர் விழுந்த சத்தத்தைக் கேட்டுத்தான் மெற்றில்டா ஓடிவந்தாள். கால் இரண்டு மாதத்தில் ஓரளவு திரும்பியது, பேச்சும் திரும்பியது, வலக்கை திரும்பவில்லை. அது அவருடைய மடியில், ஆரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் போலக் கிடந்தது. பெண்சாதி முந்தியே தவறிப்போன மனுசன் என்பதால் தங்கை வீட்டிலேயே இருந்தார். மெற்றில்டா ஊட்டிவிட்டாள், சவரம் செய்துவிட்டாள், கோயிலில் சிலுவை அடையாளம் போடும் இடத்தில் அந்தக் கையைத் தூக்கி நெற்றிக்குக் கொண்டுபோனாள்.

புரட்டாதியில் ஒரு நாள் காலை எட்டு மணிபோல, கஞ்சிக் கோப்பையோடு அவள் தமையனுக்கு முன்னால் குந்தியிருந்தபோது, கடலில் இருந்து சூசையின் அழைப்பு வந்தது. கிரகோரி தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தார். மூன்று கட்டை தூரத்துக் கடலும் காற்றும் சேர்ந்து கத்த, சூசையின் குரல் முன்னால் குந்தியிருந்தவளுக்கும் கேட்கிற அளவுக்கு வந்தது.

"மச்சான், எஞ்சின் இழுக்குதில்லை."

"எங்க நிக்கிறீர்?"

"கொடிக்கல்லுக்கு அங்கால. சத்தம் இருக்கு, உந்தலைக் காணேல்லை. பிடியை முழுக்க முறுக்கித்தான் வைச்சிருக்கிறன். படகு நிறைமாசக்காரி மாதிரி அசையுது."

"தாங்கி மூடியில காத்துத் திருகு திறந்திருக்கோ?"

"திறந்துதான் கிடக்கு."

"குழாயில இருக்கிற றப்பர்க் குமிழை அமத்திப் பாரும். கல்லு மாதிரி நிக்குதோ, சூம்பிப் போச்சோ?"

"கல்லு மாதிரி."

"எஞ்சின் தண்ணி துப்புதோ?"

"உங்கட தங்கச்சி என்னைப் பாத்துத் துப்புற மாதிரி, நேராத் துப்புது."

"பகிடி விடாதையும். பிளக் வயரை ஒவ்வொண்டாக் கழட்டிப் பாரும், எந்தப் பக்கம் கழட்டேக்க சத்தம் குறையுது?"

கொஞ்ச நேரம் கடல் மட்டும் பேசியது. பிறகு ஒரு தூஷணம் கேட்டது. "கையில அடிச்சுப் போட்டுது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் குறையுது. ரெண்டும் வேலை செய்யுது மச்சான். ஆனா போகுதில்லை."

மெற்றில்டா கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தாள்.

"அண்ணை," என்றாள், "எந்தக் கையால போனைப் பிடிச்சிருக்கிறியள்?"

கிரகோரி தன் கையைப் பார்த்தார். இடக்கை முழங்காலில் இருந்தது. அவர் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. நெடுநாள் பயணம் போன ஒருவன் வாசலில் வந்து செருப்பைக் கழற்றுவதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஓம்," என்றார், "வலக்கைதான்." பிறகு அவர் தொலைபேசிக்குள் சொன்ன சொல்லை மெற்றில்டா சாகும்வரை மறக்கவில்லை. "அவசரப்படாதையும், சூசை. கொஞ்ச நேரம் அப்பிடியே நில்லும்."

அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் கோப்பையை வாங்கித் தானே கஞ்சியைக் குடித்தார், வெளியே போய் வேலியில் கிடந்த கம்பியை முறுக்கிக் கட்டினார், மூன்று மாதம் தொடாத ஆயுதப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஸ்பானராய் எடுத்துத் துடைத்து வைத்தார். சூசை துடுப்பு வலித்து, கடலுக்குள் நின்ற கொடிக்கல் பாறையைத் தாண்டிக் கரைப்பக்கம் வந்ததும் எஞ்சின் மறுபடி பிடித்தது. அந்த வினாடியில் கிரகோரியின் கையில் இருந்த ஸ்பானர் மண்ணில் விழுந்தது.

அன்றைக்கே எஞ்சினைக் கழற்றித் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் பூட்டி ஓடவிட்டார்கள். பீப்பா நடுங்கிற அளவுக்கு ஓடியது. வடிகட்டியைக் கழற்றித் தட்டினார்கள், தாங்கியின் அடியைப் போத்தலில் ஊற்றித் தண்ணீர் பிரிகிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள், காபரேற்றரின் துவாரங்களுக்குள் குதிரைவால் மயிரை விட்டு எடுத்தார்கள், தண்ணீரைத் தள்ளும் காற்றாடியின் நடு றப்பர் வழுக்குகிறதோ என்று சோக்கட்டியால் கோடு கீறிப் பார்த்தார்கள். கோடு விலகவில்லை. கிரகோரி சொல்லச் சொல்ல மெற்றில்டாவும் சூசையும் செய்தார்கள். பழுது என்று சொல்ல ஒரு தூசிகூட இல்லை. மறுநாள் கொடிக்கல்லுக்கு அங்கால் வலு போனது, கை வந்தது. அடுத்த நாளும் போனது, வந்தது.

நாலாம் நாள் சூசைக்கு விஷயம் சொன்னார்கள். அவன் சிரிக்கவுமில்லை, பயப்படவுமில்லை.

"அவற்ர கை போனது என்ர எஞ்சினுக்குக் கீழதானே," என்றான். "வட்டியோட வந்து எடுக்கிறார். எடுக்கட்டும்." அதற்குப் பிறகு அவன் வலையை வளைத்து முடித்த பின்னும் கொடிக்கல்லுக்கு அங்கால் அரைமணித்தியாலம் கூட நின்றான். என்ன இவ்வளவு நேரம் என்று மெற்றில்டா கேட்டால், நீரோட்டம் என்றான். நீரோட்டம் எந்தப் பக்கம் என்பது அவளுக்கும் தெரியும். அவளும் கடற்காரனின் மகள்தான்.

இப்படியாக அந்த வீட்டில், தமையன் தன் கையால் தலை சீவுகிற நேரம் புருசன் கடலில் உந்தலில்லாமல் நிற்கிற நேரமாயிற்று. கிரகோரியின் விரல் அசைவதைக் கண்டு அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது, உடனே கண் வாசலால் கடலைத் தேடியது. எதற்கு முதலில் நன்றி சொல்வது, எதற்கு முதலில் பயப்படுவது என்று தெரியாமல், செபமாலையைப் பிடித்தபடி எண்ணிக்கை தவறித் தவறிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊருக்குத் தெரியவந்தது, கிரகோரி காய்ச்சலில் படுத்து உறங்கிய ஒரு காலையில். பக்கத்து வளவுப் பிரிஜிற்றா, ஐந்து பிள்ளை பெற்று முதுகு வளைந்த மனுசி, கிணற்றில் வாளியை இழுத்தபோது வாளி கப்பியையும் கப்பிக் கட்டையையும் தூக்கிக்கொண்டு ஆகாயத்துக்குப் போய் முருங்கையில் விழுந்தது. பிரிஜிற்றா கயிற்றைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், பிறகு ஆட்டுக்கல்லைப் போய் ஒரு கையால் தூக்கி, நெடுங்காலமாக அவள் வைக்க நினைத்த நிழல் பக்கத்தில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் வேலிக்கு மேலால் கூப்பிட்டாள்; கிரகோரியின் கை எழும்பி விழுகிற நேரத்தை அவள் முன்னமே கவனித்து வைத்திருந்தாள்.

"மெற்றி! உன்ர மனுசன் இப்ப எங்க நிக்கிறான்?"

"கொடிக்கல்லடியில. ஏன் அக்கா?"

"ஒண்டுமில்லை. இன்னும் கொஞ்சம் நிக்கச் சொல்லு பிள்ளை, குசினிச் சுவர் சரிஞ்சு கிடக்கு."

ஒரு கிழமைக்குள் கரை முழுவதும் அந்த வலுவின் குணத்தைப் படித்துவிட்டது. வேலையில் இருக்கிற கைக்குத்தான் அது வரும். பத்துப் பேரின் கை வேலையில் இருந்தால் பத்தாய்ப் பங்காகி ஒருவருக்கும் பிரயோசனம் இல்லாமல் போகும். கையைக் கட்டிக்கொண்டு இருப்பவனிடம் வராது. கிரகோரியின் கை மட்டும் சும்மா கிடந்தாலும் எழும்புகிறதே என்று கேட்டதற்கு, கோயில் மூப்பர் எமிலியாம்பிள்ளை, "அது வேலை செய்து பழகின கை, மடியில கிடந்தாலும் அது வேலையிலதான் கிடக்கு," என்றார். அதற்கு மேல் ஒருவரும் காரணம் தேடவில்லை. காரணத்தை வைத்துக்கொண்டு சுவர் கட்ட முடியாது.

தாழைமுனையில் கரைவலைக்குப் பாடு உண்டு. இன்ன நாள் இன்ன துறையில் இன்னார் வலை வளைப்பது என்ற முறை. அண்ணன் தம்பி வெட்டுக்குத்துப் பட்டு வழக்கென்று கோடேறிய காலத்திலும் ஒருவன் பாட்டில் மற்றவன் வலை வைத்ததில்லை. ஞாயிறு பூசை முடிந்து, வலுவுக்கும் பாடு வைப்பது என்று தீர்மானமாயிற்று. பாட்டுக்காரர், அதாவது அன்றைக்கு முறை உள்ளவர், வேலை செய்ய, சூசை கொடிக்கல்லில் நிற்கிற நேரம் மற்ற எல்லாரும் கையைக் கட்டி இருப்பது. மூப்பர் கரைவலைப் பாட்டுக் கொப்பியைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து பெயர் எழுதினார். கிரகோரிக்குச் செவ்வாயும் வெள்ளியும். சுவாமியார், இதில் திருச்சபைக்கு மாறாக ஒன்றும் இருப்பதாகத் தனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, சண்டைக்காலத்தில் விழுந்து மண்ணில் புதைந்து கிடக்கும் மணிக்கோபுரக் கல்லுக்காக ஒரு வியாழக்கிழமையைக் கேட்டார்.

மெற்றில்டா பெண்கள் பக்கத்திலிருந்து எழும்பினாள்.

"சூசைக்குப் பாடு எப்ப?"

 மூப்பர்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அவன் குடுக்கிறவன், பிள்ளை. குடுக்கிறவனுக்கு எதுக்குப் பாடு?" என்றார். சிலர் சிரித்தார்கள். சூசையும் சிரித்தான். முப்பத்தொன்பது வயதுவரை அந்தக் கரையில் அவனை ஒருவரும் பேர்சொல்லிக் கதிரை போட்டு இருத்தியதில்லை, இப்போது தேத்தண்ணீர்க் கடையில் அவனுக்கு இடம் விட்டார்கள், "எத்தினை மணிக்கு இறங்கிறீர் சூசை?" என்று மரியாதையாய்க் கேட்டார்கள். கெட்டுப்போன எஞ்சினால் பெரிய மனுசனானவன் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருக்கும்.

ஐப்பசி பிறந்தது. சரிந்த சுவர்கள் நிமிர்ந்தன, இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த நாளிலிருந்து ஆரும் அசைக்காத பனங்குற்றிகள் ஒழுங்கைப் பாதையை விட்டு விலகின, மணிக்கோபுரக் கல்லைச் சுவாமியார் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தனியாளாய்ப் புரட்டினார், எழும்ப ஏலாமல் கிடந்த ஆசீர்வாதம் கிழவன் தன் பாட்டு நாளில் நாட்டுக்கோழியைத் துரத்திப் பிடித்துத் தானே உரித்தான், பிரிஜிற்றா ஒரே காலையில் இருபத்தெட்டு வேலிக் கதியாலை நட்டாள், ஒவ்வொரு நாளும் எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரைக்கும் ஊர் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று பாட்டுக்காரரின் வேலையைப் பார்த்து, "விடாதை, உருட்டு, உருட்டு!" என்று கத்திச் சிரித்தது, அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்கிற நேரமெல்லாம் மெற்றில்டா கடற்கரைக்குப் போய் நெற்றிக்கு மேல் கை வைத்துப் பார்த்தாள், கை வைத்தது பாட்டுக்காரருக்கு நட்டம் என்று ஆரோ முறையிட, அதையும் இறக்கிவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தாள்.

கடலில் எஞ்சின் நாளுக்கு நாள் தேய்ந்தது. முன்பு கொடிக்கல்லுக்கு அங்கால் போனது இப்போது கொடிக்கல்லுக்கு இங்காலும் போனது. பத்து மணிக்கு வந்தவன் பன்னிரண்டுக்கு வந்தான், பிறகு ஒரு மணிக்கு. துடுப்பு பிடித்துப் பிடித்து உள்ளங்கை உரிந்து, சோறு பிசையும்போது உப்புப் பட்டு முகம் சுளித்தான். "ஒண்டுமில்லை," என்றான்.

அவள் தமையனிடம் போனாள்.

"அண்ணை, பழுதைக் கண்டுபிடியுங்கோ."

"பழுதெண்டு ஒண்டு இருந்தாத்தானே பிள்ளை. பில்டர் மாத்தியாச்சு, குழாய் மாத்தியாச்சு, பம்பு கழட்டியாச்சு. எல்லாம் பாத்தாச்சு."

"வாடை வரப்போகுது. வாடைக்கு உந்தலில்லாத படகு எங்க போகும் எண்டு உங்களுக்குத் தெரியாதே? அங்கால கடல் எல்லைக்குப் போகும். அதையும் தாண்டிப் போகும்."

கிரகோரி இடக்கையால் வலக்கையை மடியில் திருப்பி வைத்தார். பிறகு, "பாக்காத சாமான் ஒண்டு இருக்கு," என்றார். அவள் என்னவென்று கேட்கவில்லை. அவர் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு வியாழன், மறுநாள் அவருடைய பாடு. வெள்ளிக்கிழமை காலையில் அவர் தன் கையால் சவரம் செய்து, தன் கையால் சட்டைப் பொத்தான் பூட்டிக்கொண்டு வந்து நின்றபோது, அவள் அவருடைய முகத்தைப் பார்க்காமல் பாயை உதறினாள்.

கார்த்திகை இரண்டாம் கிழமை, ஒரு திங்கள், வாடை எழும்பியது. தாழைமுனைக்குக் கடல் மேற்கே. வாடை நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று, கரையில் நிற்பவனுக்கு அது முதுகைத் தடவுவதுபோல இருக்கும், கடலில் நிற்பவனை அது வெளியே கூட்டிக்கொண்டு போகும். விடிய வானத்தைப் பார்த்த எல்லாரும் படகை இழுத்து மேலே போட்டிருந்தார்கள். சூசை மட்டும் இறங்கினான், அன்றைக்குப் பாடு பிரிஜிற்றாவுடையது என்பதால். அவள் ஊருக்குப் பொதுவான நன்னீர்க் கிணற்றில் இறங்கிக் கிடந்த கொங்கிறீற்று வளையத்தைத் தூக்கி நேராக வைப்பதாகச் சொல்லியிருந்ததால்.

எட்டேகாலுக்குத் தொலைபேசி அடித்தது. கிரகோரி இடக்கையால் எடுத்தார்.

"மச்சான், வாடை. முழுக்க முறுக்கிறன், பின்னுக்குத்தான் போகுது. கொடிக்கல்லைக் காணேல்லை."

"நங்கூரம் போடும்!"

"போட்டன், கயிறு நீளம் காணாது. அடி தெரியேல்லை." அதற்குப் பிறகு, பகிடியே இல்லாத குரலில், "மெற்றியிட்டைச் சொல்லாதேங்கோ," என்றான்.

அவள் பக்கத்திலேதான் நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு ஓடினாள், ஓடுகிற கை வீசினால் அதுவும் வேலையாகிவிடும் என்று பயந்து, இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்து, காற்றில் சேலை பறக்கத் தடுமாறித் தடுமாறிக் கிணற்றடிக்கு ஓடினாள்.

பிரிஜிற்றா கிணற்றின் விளிம்பில் காலை ஊன்றி, நூறு மனுசர் தூக்க முடியாத வளையத்தைச் சங்கிலியில் பிடித்துத் தூக்கிப் பாதி வழி வந்திருந்தாள். சுற்றிவர ஊர் கையைக் கட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா, விடுங்கோ! சூசை போறான்!"

"எடி, இப்ப விட்டா உள்ளுக்க விழுந்து ஊத்து அடைபட்டுப் போகும். இன்னும் ரெண்டே ரெண்டு முழம்..."

"அக்கா."

பிரிஜிற்றா அவளுடைய முகத்தைப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைக்க ஒரு தரம் வானத்தைப் பார்த்தாள். சங்கிலியை விட்டாள். வளையம் உள்ளே போய் விழுந்த சத்தம் நெடுநேரம் வந்துகொண்டிருந்தது, பிறகு சேறு குமிழியிட்டது. ஊரில் இருந்த ஒரே நன்னீர் அது. 

எல்லாரும் கரைக்கு ஓடினார்கள். கிரகோரியும் தொலைபேசியைக் காதில் வைத்தபடி காலை இழுத்து இழுத்து வந்து, கரையில் கிடந்த கதிரையில் இருந்தார். ஆண்கள் ஆறு பேர் பெரிய படகைத் தள்ளக் கை வைத்தார்கள்; கை வைத்ததும் படகு தேங்காய்ச் சிரட்டையைப்போல மண்ணில் வழுக்கிப் பறந்தது, வலு முழுக்க அவர்களுடைய தோளுக்கு வந்துவிட்டது, கிரகோரியின் காதில் இருந்த தொலைபேசி அலறியது.

"நிண்டிட்டுது! இப்ப முழுக்க நிண்டிட்டுது!"

"கையை எடுங்கோடா!" என்று மூப்பர் கத்தினார். "காப்பாத்தப் போய்க் கொல்லாதேங்கோ!"

ஆறு பேரும் நெருப்பைத் தொட்டவர்களைப்போலக் கையை எடுத்தார்கள். உதவிக்குப் போகிற ஒவ்வொரு கையும் அவனிடமிருந்துதான் எடுக்கும் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. செய்யக்கூடியது ஒன்றே ஒன்றாக இருந்தது, அது ஒன்றும் செய்யாமல் இருப்பது. தொலைபேசியைக் கவிழ்த்த வள்ளத்தின் மேல் வைத்தார்கள். நூற்றுநாற்பது பேர், பிள்ளை குட்டி, சுவாமியார், கிழவன் ஆசீர்வாதம், எல்லாரும் வரிசையாய்க் கடலைப் பார்த்துக் கையைக் கட்டினார்கள்.

அப்போது கிரகோரியின் வலக்கை எழும்பியது. வேறு எந்தக் கையும் வேலையில் இல்லாததால் பதினைந்தும் அந்த ஒரு கைக்கு வந்தன. அது அவருடைய மடியிலிருந்து எழும்பி, விரலை விரித்து, காற்றில் எதையோ பிடித்து இறுக்கியது, அவரையே கதிரையிலிருந்து தூக்குகிற வேகத்தோடு. மெற்றில்டா அதைப் பிடிக்கப் போனாள்.

"தொடாதை," என்றார். "உன்ர கையும் எடுக்கும்."

"அப்ப என்ன செய்ய?"

"திரும்பி நில். என்னைப் பாராதை."

அவள் திரும்பினாள். அவர் என்ன செய்தார் என்பதை ஒருவரும் பார்க்கவில்லை. அவர் பிற்பாடு சொன்னதுதான். ஆனியிலிருந்து மூன்று மாதம் அந்தக் கை இல்லாமல் வாழப் பழகியிருந்தார், அந்தப் பழக்கத்தை ஒவ்வொன்றாய்த் திரும்ப எடுத்தார். இடக்கையால் பொத்தான் பூட்டுவது, இடக்கையால் கதவு திறப்பது, ஊட்டுகிற கரண்டிக்கு வாயைத் திறப்பது, கோயிலில் தங்கை தூக்கிவிடும்வரை காத்திருப்பது. கடைசியில், ஸ்பானரின் குளிர்ச்சி விரலில் எப்படி இருக்கும் என்பதையும் எடுத்து வெளியே வைத்தார். அந்தக் கை கேட்டது. கெஞ்சியது என்றும் சொன்னார். பிறகு இறங்கி மடியில் படுத்தது.

"பிடிக்குது!" என்று வள்ளத்தின் மேல் கிடந்த தொலைபேசியிலிருந்து சூசை கத்தினான். "மச்சான், பிடிக்குது! போகுது!"

ஒருவரும் கைதட்டவில்லை. சிலுவை அடையாளம் போட எழும்பிய கையைச் சுவாமியாரே பாதியில் இறக்கினார். ஒரு மணித்தியாலமும் இருபது நிமிடமும் அவர்கள் அப்படி நின்றார்கள். காற்று பிரிஜிற்றாவின் முக்காட்டை இழுத்துக்கொண்டு கடலுக்குப் போனது, அவள் எட்டவில்லை. ஈ வந்து முகத்தில் குந்தியது, ஒருவரும் விரட்டவில்லை. பிள்ளைகள் தாயின் காலோடு ஒட்டி நின்று அழுதார்கள், தூக்கவில்லை.

"மூக்குக் கடிக்குது," என்றார் மூப்பர், வாயை மட்டும் அசைத்து.

"இண்டைக்கு உமக்குப் பாடு இல்லை," என்றாள் பிரிஜிற்றா. "பொறும்."

புள்ளியாய்த் தெரிந்தது, படகாய்த் தெரிந்தது, மூக்கை உயர்த்தி அலையை வெட்டிக்கொண்டு வந்தது. இரண்டு மாதமாய் அந்தக் கரை கேட்காத சத்தம் அது. சூசை கரையைப் பார்த்தான். ஊர் முழுக்கக் கறுத்த வேலிபோல நிற்கிறது, ஒரு கைகூட அசையவில்லை, ஒருவரும் தண்ணீரில் இறங்கி ஓடிவரவில்லை. 

"ஆர் செத்தது?" என்று கத்தினான்.

"ஒருத்தரும் இல்லை," என்று மெற்றில்டா, கட்டிய கையோடு கத்தினாள். "எஞ்சினை நிப்பாட்டுங்கோ!"

நிறுத்தினான். அதற்குப் பிறகுதான் கரைக்கு உயிர் வந்தது. ஓடினார்கள், கயிற்றைப் பிடித்தார்கள், பிள்ளைகளைத் தூக்கினார்கள், மூப்பர் இரண்டு கையாலும் மூக்கைத் தேய்த்தார். சூசையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். மெற்றில்டா அவனைத் தொடவில்லை. கட்டிய கையை அவள் இன்னும் அவிழ்க்கவில்லை.

"சூசை," என்று கதிரையிலிருந்து கிரகோரி கூப்பிட்டார், "திருப்பி இழும்."

"என்ன மச்சான்?"

"எஞ்சினை இழுத்து எழுப்பும். கயிறு கட்டிப் பத்துப் பேர் பிடியுங்கோ. ஓட்டிப் பாக்காமல் எஞ்சினைச் சரியெண்டு சொல்ல ஏலாது."

படகின் பின்பக்கம் கடலைப் பார்க்க, கயிற்றைப் பத்துப் பேர் கரையில் நின்று பிடித்தார்கள். சூசை ஒரே இழுவையில் எழுப்பினான். கியரைப் பின்னுக்குப் போட்டு, பிடியை முறுக்கினான். கயிறு விறைத்தது, பத்துப் பேரும் முழங்காலளவு தண்ணீருக்குள் இழுபட்டுப் போனார்கள். பிடித்திருந்த கைகளுக்கு ஒரு குதிரைகூட வரவில்லை. பதினைந்தும் எஞ்சினில் நின்றன. கிரகோரி கண்ணை மூடி, தலையைச் சரித்து, சத்தத்தை ஒரு பக்கமாயும் மறுபக்கமாயும் வாங்கினார்.

"ரெண்டும் ஒரே மாதிரி அடிக்குது," என்றார். "பழுதில்லை. நிப்பாட்டும்."

சூசை நிறுத்தவில்லை. அவன் எஞ்சினைப் பார்க்கவில்லை, கயிறு பிடித்தவர்களைப் பார்க்கவில்லை. கரையில் கதிரையில் இருந்த மச்சானின் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிடியைத் தளர்த்தினான், பார்த்தான். முழுக்க முறுக்கினான், பார்த்தான். சட்டைக் கையின் ஓரத்தைக் காற்று அசைத்தது, அவ்வளவுதான். மறுபடியும் தளர்த்தினான். சற்று முன் அவன் உயிரைக் கொண்டுவந்து சேர்த்த வலுவில் கொஞ்சமாவது, ஒரு குதிரையாவது, போகாதா என்று முறுக்கினான்.

"விடும், சூசை," என்றார் கிரகோரி.

அவன் விடவில்லை. அழுகிறானா, முகத்தில் அடித்த கடற்தண்ணீரா என்று தெரியவில்லை. மெற்றில்டா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இழுபடுகிற கயிற்றுக்கும் அலைக்கும் இடையால் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய், அவனுடைய தோளுக்கு மேலால் கையை நீட்டி, எஞ்சினை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை அமத்தினாள்.